ஜன்னலுக்கு ஃபிலிமா, டின்டட் கண்ணாடியா?

சேலத்தில் மேற்குப் பார்த்த ஹால் உள்ள வீட்டுக்காரர்களுக்கு மார்ச் பிறந்ததும் ஒரு தினசரி வேலை வந்துவிடும். மதியம் மூன்று மணிக்குத் திரைச்சீலையை இழுத்து மூட வேண்டும், ஆறு மணி வரை திறக்கக் கூடாது. சோபாவின் ஒரு பக்கம் மட்டும் நிறம் வெளுத்திருக்கும். கத்திரி தொடங்குவதற்குள் ஏதாவது செய்துவிடலாம் என்று கண்ணாடிக் கடைக்குப் போனால் அங்கே இரண்டு விதமாகச் சொல்வார்கள். "இருக்கிற கண்ணாடி மேலயே சன் கன்ட்ரோல் ஃபிலிம் ஒட்டிக்கலாங்க" என்பார் ஒருவர். "ஃபிலிமெல்லாம் ரெண்டு வருசந்தாங்க, கண்ணாடியவே மாத்தி டின்டட் போட்டுருங்க" என்பார் அடுத்த கடைக்காரர். அவரவர் தம்மிடம் இருக்கும் சரக்கைச் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. கண்ணாடிமேல் ஒட்டும் தாளான ஃபிலிம், நிறம் ஏற்றிய டின்டட் கண்ணாடி, இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டு போவது நம் பாடு.

முதலில் வெயிலைப் பார்த்துவிடுவோம். தரைக்கு வந்து சேரும் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். பாதிக்குச் சற்றுக் குறைவாக நாம் பார்க்கும் வெளிச்சம். மீதி 5 சதவீதம் போலப் புற ஊதா. வெளிச்சம் வேறு, சூடு வேறு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஜன்னல் வழியே வரும் வெளிச்சமும் தரையிலும் சோபாவிலும் பட்டு அங்கேயே சூடாக மாறுகிறது. அதனால் வெளிச்சம் முழுதாக வேண்டும், சூடு துளிகூடக் கூடாது என்று கேட்டால் எந்தக் கண்ணாடியாலும் அதைத் தர முடியாது. எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு சூடு என்று பேரம் பேசத்தான் முடியும்.

உள்ளே போடும் திரைச்சீலை ஏன் பாதிதான் உதவுகிறது என்பதற்கும் காரணம் இதுதான். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. துணி அதைத் தடுத்துத் தானே சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலோ, கண்ணாடியிலேயோ நிறுத்தினால்தான் முழுப் பலன்.

எந்த ஜன்னல் என்பதே முதல் கேள்வி

வீட்டில் உள்ள எல்லா ஜன்னலுக்கும் ஒரே ஃபிலிம், ஒரே கண்ணாடி என்று மொத்தமாக ஆர்டர் கொடுப்பது பணத்தைக் கரைக்கும் வேலை. சேலம் ஏறத்தாழ 11.65 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆகவே தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேட் இருந்தாலே, நண்பகல் நிழல் இரண்டே முக்கால் அடிக்கு மேல் இறங்கிவிடும். நாலடி ஜன்னலில் பெரும்பகுதி அதிலேயே மறைந்துபோகிறது.

மேற்கில் கதை வேறு. ஏப்ரல் 20 வாக்கில் மாலை நாலு மணிக்குச் சூரியன் 35 டிகிரி உயரத்துக்கு வந்துவிடுகிறது. அதே இரண்டடி சன்ஷேட் அப்போது கொடுக்கும் நிழல் ஒன்றரை அடிகூட இல்லை. ஐந்து மணிக்கு முக்கால் அடி. அதாவது வெயில் உறைக்கும் நேரத்தில் சன்ஷேட் வெறும் அலங்காரம். கிழக்கிலும் காலையில் இதே நிலைதான், ஆனால் இரவெல்லாம் ஆறிய வீட்டில் காலை வெயில் அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை. மேற்கு வெயில் ஏற்கெனவே சூடேறிக் கிடக்கும் வீட்டுக்குள் நுழைகிறது.

வடக்கு ஜன்னலையும் அடியோடு மறந்துவிட வேண்டாம். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பாதி தாண்டும்வரை நமக்கு உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் போகிறது. நண்பகல் சூரியன் வடக்கே போகாத டெல்லியில் இருப்பவர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு வடக்கில் வெயிலே வராது என்று முடிவு கட்டக் கூடாது. இந்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2017 பதிப்பும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வெப்பப் பகுதிகளில் உள்ள பெரிய வணிகக் கட்டடங்களுக்கு, 15 டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே, வடக்குக் கண்ணாடிக்கும் மற்றத் திசைகளுக்கு உள்ள அதே கடுமையான வரம்பைத்தான் வைத்திருக்கிறது.

அந்த வரம்பு 0.27. இது என்ன எண்?

இரண்டு எண்கள்

எஸ்.ஹெச்.ஜி.சி. என்று கண்ணாடி கம்பெனிகளின் அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கும். கண்ணாடியில் படும் வெயிலின் ஆற்றலில் எத்தனை பங்கு கடைசியில் அறைக்குள் சூடாக வந்து சேர்கிறது என்பதே அது. மேலே சொன்ன 0.27 வரம்பும் இந்த எண்ணுக்குத்தான். 0.85 என்றால் நூற்றுக்கு 85 பங்கு உள்ளே வந்துவிட்டது. பக்கத்திலேயே வி.எல்.டி. என்று இன்னொரு எண். வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்பதை அது சொல்லும். முன்னது குறைவாக இருந்தால் குளுமை, பின்னது அதிகமாக இருந்தால் வெளிச்சம். இந்த இரண்டையும் கேட்காமல் கண்ணாடியோ ஃபிலிமோ வாங்குவது, மைலேஜ் கேட்காமல் நிறத்தைப் பார்த்து மட்டும் வண்டி எடுப்பதற்குச் சமம்.

எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். நாலுக்கு ஐந்தடி மேற்கு ஜன்னல், இருபது சதுர அடி, அதாவது 1.86 சதுர மீட்டர். மாலை வெயில் அதன்மேல் சதுர மீட்டருக்கு 600 வாட் வீதம் அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,100 வாட்டுக்குச் சற்று மேல். சாதாரண வெள்ளைக் கண்ணாடியின் எஸ்.ஹெச்.ஜி.சி. 0.85 வாக்கில் இருக்கும். உள்ளே வருவது 950 வாட். சாம்பல் நிற டின்டட் கண்ணாடி 0.6 சுற்றி நிற்கும். 670 வாட். நல்ல வெள்ளி நிறப் பிரதிபலிப்பு ஃபிலிம் ஒட்டினால் 0.25 வரை இறங்கும். 280 வாட். ஒரு டன் ஏ.சி. என்பது 3,500 வாட் சூட்டை வெளியேற்றும் இயந்திரம். இப்படி நாலு வெள்ளைக் கண்ணாடி ஜன்னல் மேற்கில் இருந்தால் அந்த ஏ.சி.யின் சக்தி முழுவதும் ஜன்னலுக்கே சரியாகப் போய்விடும்.

டின்டட் கண்ணாடி

கண்ணாடிக் குழம்பு உருகிக் கொதிக்கும்போதே இரும்பு, கோபால்ட், செலினியம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்து நிறம் ஏற்றுகிறார்கள். நிறம் மேலே பூசியதல்ல, கண்ணாடியின் உடம்பு முழுக்கவே அதுதான். உரியாது, வெளுக்காது, கீறினாலும் போகாது. இருபது வருடம் கழித்தும் அதே நிறம். இந்த நிம்மதிதான் டின்டட் கண்ணாடியின் பெரிய பலம்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. டின்டட் கண்ணாடி வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிச் சூடான கண்ணாடி அந்தச் சூட்டில் பெரும்பகுதியை வெளியே விட்டாலும், ஒரு பங்கை அறைக்குள்ளும் விடுகிறது. மாலை ஐந்து மணிக்கு அதைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவருக்குத் தோளில் அனல் அடிக்கும்.

இன்னொரு விஷயம், கறுப்பாக இருந்தால் குளுமை என்ற நம்பிக்கை. ஆறு எம்.எம். சாம்பல் கண்ணாடி வெளிச்சத்தில் பாதிகூட உள்ளே விடாது. அதே ஆறு எம்.எம். பச்சைக் கண்ணாடி முக்கால் பங்கு வெளிச்சத்தை விடும். ஆனால் இரண்டின் எஸ்.ஹெச்.ஜி.சி.யும் ஏறக்குறைய ஒன்றுதான், 0.6 பக்கம். பச்சைக்குக் காரணமான இரும்புச் சேர்மம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சும். சாம்பல் நிறமோ நமக்குத் தேவையான வெளிச்சத்தைத்தான் அதிகம் விழுங்குகிறது. சூடு அதே அளவு, வெளிச்சம் மட்டும் நஷ்டம், பட்டப்பகலில் ட்யூப்லைட் வேறு. ஓமலூர் ரோட்டில் போகும்போது கரும் கண்ணாடி போர்த்திய கட்டடங்களைப் பார்த்தால் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

நிறம் உடம்பிலேயே இருப்பதால் தடிமன் கூடக் கூட நிறமும் அடர்த்தியாகும். ஐந்து எம்.எம். ஜன்னலும் எட்டு எம்.எம். கதவும் ஒரே கம்பெனியின் ஒரே நிறமாக இருந்தாலும் பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரியும். ஒரு கண்ணாடி உடைந்து பல வருடம் கழித்து மாற்றினாலும் நிறம் அச்சு அசலாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டின்டட் வேறு, ரிஃப்ளெக்டிவ் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடையில் இரண்டையும் சேர்த்துக் கலர் கிளாஸ் என்றுதான் காட்டுவார்கள். ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். அதற்கும் மேலே சோலார் கன்ட்ரோல், லோ-இ என்று வரும் பூச்சுக் கண்ணாடிகள் வெளிச்சத்தை உள்ளே விட்டு அகச்சிவப்பை மட்டும் தள்ளும் சாமர்த்தியம் உள்ளவை. புது வீடு கட்டுபவர் வெறும் டின்டட்டோடு நிறுத்தாமல் இவற்றின் விலையையும் விசாரிக்க வேண்டும். 0.27 போன்ற எண்ணை வெறும் டின்டட் தொடவே முடியாது. இந்தப் பூச்சுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. மாற்றிப் பொருத்தினால் வேலை கெட்டது, ஆகவே பொருத்தும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஃபிலிம்

பாலியெஸ்டர் தாள், ஒரு பக்கம் பசை, மறுபக்கம் கீறல் தாங்கும் பூச்சு. வெயிலை மட்டும் தடுக்கும் சாதாரண ஃபிலிமின் தடிமன் 50 மைக்ரான் சுற்றி இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் விலையும் தரமும் தீர்மானமாகிறது. வெறும் சாயம் ஏற்றியது மிக மலிவு. இருட்டைக் கொடுக்கும், சூட்டைப் பெரிதாகக் குறைக்காது, சில வருட வெயிலில் ஊதா நிறமாகி உப்பிக்கொள்ளும். ஃபிலிம் என்றாலே ரெண்டு வருசம் என்ற கெட்ட பெயர் வந்தது இந்த ரகத்தால்தான். உலோகப் படலம் கொண்டது வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும், முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும், சில இடங்களில் வீட்டுக்குள் செல்போன் சிக்னலைச் சற்றுக் குறைக்கும். செராமிக் வகையும் பல அடுக்கு வகையும் விலை கூடியவை. வெளிச்சத்தில் 70 சதவீதம்வரை விட்டுக்கொண்டே எஸ்.ஹெச்.ஜி.சி.யை 0.5 பக்கம் கொண்டுவரும். பார்த்தால் ஃபிலிம் ஒட்டியதே தெரியாது.

தரமான ஃபிலிம் எதுவானாலும் புற ஊதாவில் 99 சதவீதத்தைத் தடுக்கும். வெள்ளைக் கண்ணாடியோ டின்டட்டோ தனியாக அந்த அளவுக்குச் செய்யாது. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் பட்டு நெய்பவர்களுக்கும் ஷோரூம் வைத்திருப்பவர்களுக்கும் இது முக்கியம். ஷோகேஸில் டின்டட் கண்ணாடி போட்டால் மாம்பழ மஞ்சள் வேறு மஞ்சளாகத் தெரியும், வாடிக்கையாளர் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்ப்பார். நிறமில்லாத ஃபிலிம் நிறத்தை மாற்றாமல் சாயத்துக்கும் பாதுகாப்புத் தரும். அதற்காக வெளுப்பதே நின்றுவிடும் என்று இல்லை. வெளிச்சமும் சூடும்கூடச் சாயத்தைத் தின்னும். வேகம்தான் குறையும்.

ஃபிலிம் விற்பவர் ஒரு சோதனை காட்டுவார். சிவப்பு விளக்கை எரியவிட்டு, முன்னால் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியை வைத்து, "கைய வச்சுப் பாருங்க, சூடே இல்ல" என்பார். உண்மையிலேயே சூடு தெரியாது. ஆனால் அந்த விளக்கு வெளிவிடுவது பெரும்பாலும் அகச்சிவப்பு. வெயிலில் அது பாதிதான். விளக்கின் முன்னால் ஜெயித்த ஃபிலிம் வெயிலில் அதே அளவு ஜெயிக்காது. "95 பர்சென்ட் ஐ.ஆர். ரிஜெக்ஷன்" என்ற வாசகமும் இப்படித்தான். அகச்சிவப்பின் ஒரு சிறு பட்டையில் மட்டும் அளந்து அந்த எண்ணைப் போட்டிருக்கலாம். கேட்க வேண்டியது டி.எஸ்.இ.ஆர். என்ற எண், வெயிலின் மொத்த ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பது. அது 60 என்றால் எஸ்.ஹெச்.ஜி.சி. 0.4. நூறிலிருந்து கழித்தால் போதும்.

பிரதிபலிப்பு ஃபிலிமைப் பலர் சூட்டுக்காக மட்டும் வாங்குவதில்லை, தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்க்கக் கூடாது என்றும் வாங்குகிறார்கள். பகலில் அது சரி. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் நிலைமை தலைகீழ். தெருவில் இருப்பவருக்கு நம் ஹால் தெளிவாகத் தெரியும், நமக்கு நம் முகம்தான் தெரியும். திரைச்சீலையைக் கழற்றிவிட வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலுக்கு நம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறோமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, செவ்வாய்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் முக்கியமாக.

காரில் ஃபிலிம் ஒட்டினால் அபராதம் போடுகிறார்களே, வீட்டுக்கும் அப்படியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது வாகனக் கண்ணாடிகளில் ஒட்டுவதைத்தான். வீட்டு ஜன்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்போ எது?

புதிதாகக் கட்டுகிறீர்கள், அல்லது பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டு யு.பி.வி.சி.யோ அலுமினியமோ போடுகிறீர்கள் என்றால் கண்ணாடியிலேயே தீர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எப்படியும் கண்ணாடிக்குப் பணம் கொடுக்கத்தான் போகிறோம். வெள்ளைக்கும் நல்ல கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசத் தொகை மட்டுமே கூடுதல் செலவு. ஒன்றை மறக்கக் கூடாது. டஃபன் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. அளவு எடுப்பதில் கால் அங்குலம் தப்பினாலும் புதுக் கண்ணாடிதான்.

ஏற்கெனவே நல்ல கண்ணாடி பொருத்தி, சட்டமும் உறுதியாக இருக்கிறது என்றால் அதைப் பெயர்க்க வேண்டியதில்லை. ஃபிலிம் போதும். கண்ணாடியை மாற்றுவதென்றால் பீடிங், ரப்பர், கூலி, உடையும் பயம் என்று வரிசையாக வரும். ஃபிலிமுக்கு ஒரு நாள் வேலை. வாடகை வீட்டிலும் ஃபிலிம்தான், வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. விலை சதுர அடிக் கணக்கில் சொல்வார்கள். சுருள் பெரும்பாலும் ஐந்தடி அகலத்தில் வருவதால் உங்கள் ஜன்னல் மூன்றரை அடி அகலம் என்றால் மீதி கழிவு. அந்தக் கழிவுக்கும் சேர்த்தா பில் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியோ நிழல்வலையோ தொங்கவிட வழி இருந்தால் அதைச் செய்து பாருங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எந்தப் பொருளையும்விட அது மலிவு, பலன் அதிகம். மாடியில் காற்றுக்குப் பிய்ந்து போகும், கடை முகப்பில் அழகு கெடும் என்ற இடங்களில்தான் ஃபிலிமும் கண்ணாடியும் கட்டாயமாகின்றன. சாயங்காலக் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தே வைக்கும் வீட்டிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்லைடிங் ஜன்னலைத் தள்ளிவைத்தால் திறந்த பாதியில் எந்த ஃபிலிமும் இல்லை.

ஏற்காட்டில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் சேலத்துக் கடைக்காரர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொண்டு மேலே போக வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி, 1,500 மீட்டர் உயரத்தில் பிரச்சினையே வேறு. அங்கே வெயில் வேண்டும், பனிமூட்டமும் குளிரும்தான் தொந்தரவு. கறுப்புக் கண்ணாடி போட்டால் பள்ளத்தாக்குக் காட்சியும் போச்சு, காலை வெயிலின் கதகதப்பும் போச்சு. கண்ணாடியில் நீர் கோத்து வழிவதைச் சாதாரண ஃபிலிமோ டின்டோ தடுக்காது. அதற்கு நடுவே காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி வேண்டும். உயரத்தில் புற ஊதா சற்று அதிகம் என்பதால் மரச்சாமானும் திரைச்சீலையும் வெளுக்கிறது என்றால் நிறமில்லாத ஃபிலிம் ஒன்று போதும்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால்?

டின்டட் கண்ணாடி போட்டும் சூடு குறையவில்லை, அதன் உள்பக்கம் ஃபிலிமும் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் கண்ணாடி விரிசல் விடுகிறது. டின்டட் ஏற்கெனவே வெயிலை உறிஞ்சிச் சூடாகிறது. உள்ளே ஒட்டிய ஃபிலிம் மீதி வெயிலையும் கண்ணாடிக்கே திருப்பிக் கொடுக்கிறது. கண்ணாடியின் நடுப்பகுதி கொதிக்க, சட்டத்துக்குள் செருகியிருக்கும் ஓரம் மட்டும் குளிர்ந்து கிடக்கிறது. நடு விரிய, ஓரம் இழுபட, டஃபன் செய்யாத சாதாரணக் கண்ணாடி 40 டிகிரி வித்தியாசத்துக்கே ஆட்டம் காணலாம். ஓரத்தில் வெட்டும்போது விழுந்த சிறு பல் இருந்தால் அதற்கும் முன்பே. இப்படி வரும் விரிசல் ஓரத்திலிருந்து நேர்செங்குத்தாகத் தொடங்கி அப்புறம் வளைந்து போகும். கல் பட்ட விரிசல் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் ஓடும். அதை வைத்தே எதனால் உடைந்தது என்று சொல்லிவிடலாம்.

டஃபன் கண்ணாடிக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. கம்பி வலை பதித்த கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி, பாதியில் சன்ஷேட் நிழல் விழும் பெரிய கண்ணாடி ஆகியவற்றில் உள்பக்க ஃபிலிம் ஒட்டுவதற்கு முன், இந்தக் கண்ணாடிக்கு இந்த ஃபிலிம் பொருந்துமா என்று ஃபிலிம் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பார்க்காமலே "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வெளிப்பக்கம் ஒட்டும் ரகம் இருக்கிறது. கண்ணாடிக்கு அது பாதுகாப்பு, ஆனால் மழை, தூசியால் ஆயுள் குறைவு. பாலிகார்பனேட், அக்ரிலிக் தகடுகளில் சாதாரண ஃபிலிம் ஒட்டினால் குமிழ் குமிழாகக் கிளம்பும்.

ஒட்டும் நாளில் நாம் கவனிக்க வேண்டியது தண்ணீர். சோப்புத் தண்ணீர் தெளித்துத்தான் ஃபிலிமை விரித்து ரப்பர் தேய்ப்பானால் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதையே பாட்டிலில் ஊற்றித் தெளித்தால் காய்ந்தபின் கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே வெள்ளைக் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் ஒரு கேன் எடுத்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தூசி பறந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஆட்கள் கிளம்பும்போது அங்கங்கே மங்கலாகவும் சின்னத் தண்ணீர்க் குமிழாகவும் தெரிந்தால் பதற வேண்டாம், ஒரு மாதத்துக்குள் காய்ந்து மறையும். அதுவரை துடைக்காதீர்கள். அப்புறமும் அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டாம், மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். நடுவில் மணல் துகள் போலக் கூராக நிற்கும் புள்ளி மட்டும் காய்ந்தாலும் போகாது. அதற்கு அன்றைக்கே, பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்தத் தாளை உரித்து மாற்றச் சொல்ல வேண்டும்.